வீட்டில் கிரியோல், தேர்வில் பிரெஞ்சு: ரீயூனியன் பிள்ளைகளின் மொழித்திறனை எப்படி அளப்பது?

ரீயூனியன் தீவில் ஒரு பாலர்பள்ளி. மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடுகிறார்கள். காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, முன்னே ஓடும் தோழியைப் பார்த்து "எஸ்பேர் அம்வேன்!" என்று கத்துகிறாள் என வைத்துக்கொள்வோம்.

'எனக்காகக் காத்திரு' என்பதுதான் அவள் சொன்னதன் பொருள். அவள் பேசியது கிரியோல். அதே சொல் பிரெஞ்சிலும் உண்டு. அங்கே அது 'எஸ்பெரே'. ஆனால் இன்றைய பிரெஞ்சில் அதற்கு 'நம்பிக்கை கொள்' என்று பொருள். 'காத்திரு' என்பதற்கு வேறு சொல் இருக்கிறது. மறுநாள் வகுப்பில் அவள் பிரெஞ்சு பேசுவதாக நினைத்து 'எஸ்பெரே' என்று சொன்னால், மதிப்பீட்டுத் தாளில் அது தவறு எனக் குறிக்கப்படும்.

தவறுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது எவ்வகைத் தவறு? அவளுக்கு மொழி வளர்ச்சி பின்தங்கியிருக்கிறதா? படிப்பில் நாட்டம் இல்லையா? அல்லது வீட்டில் கற்ற சொல்லைப் பள்ளிக்குக் கொண்டு வந்திருக்கிறாளா? மூன்றுக்கும் தாளில் விழுவது ஒரே சிவப்புக் கோடு. ஆனால் மூன்றுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. பிரெஞ்சு ஆட்சிமொழியாக உள்ள இடங்களில், வட்டார மொழி பேசும் பிள்ளைகளின் பிரெஞ்சுத் திறனை எப்படி அளப்பது என்ற விவாதம் பல ஆண்டுகளாகத் தொடர்வதற்கு இதுவே காரணம்.

கரும்புத் தோட்டத்துத் தீவு

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியசுக்கு அருகில் இருக்கிறது ரீயூனியன். மக்கள்தொகை சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். பாரிசில் உள்ள அதே சட்டம், அதே பாடத்திட்டம், அதே தேசியத் தேர்வுகள்தான் இங்கும்.

இத்தீவின் கதை நம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. 1848 டிசம்பர் 20-ஆம் தேதி அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860, 1861-ஆம் ஆண்டுகளில் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி இந்தியாவிலிருந்து பல்லாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. போனவர்களில் பெரும்பாலோர் தமிழகக் கரையோரத்தவர்கள். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கப்பலேறிய துறைகளுள் அடங்கும். அவர்களின் வழிவந்தவர்களை அங்கே 'மல்பார்' என்கிறார்கள். இராமசாமி, வீரப்பிள்ளை போன்ற பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப உருமாறிக் குடும்பப் பெயர்களாக இன்றும் நிலைத்திருக்கின்றன.

பெயர் நிலைத்தது, கோயிலும் தீமிதியும் நிலைத்தன. வீட்டில் பேசும் மொழியாகத் தமிழ் நிலைக்கவில்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, சீனா, பிரான்ஸ் எனப் பல இடங்களிலிருந்து வந்தோர் ஒருவரோடொருவர் பேசிய கிரியோலே எல்லாருக்கும் தாய்மொழி ஆயிற்று. அதற்குள் தமிழ்ச் சொற்களும் ஒட்டிக்கொண்டன. கறிவேப்பிலை அங்கே 'கலுப்பிலே'. பூசாரி 'புசாரி'. காரமான தொடுகறியான 'ருகாய்' நம் ஊறுகாயிலிருந்து வந்த சொல் என்பது பரவலான கருத்து.

ஆக, பிரெஞ்சுத் தேர்வில் தடுமாறும் ரீயூனியன் பிள்ளைகளில் நம் வழித்தோன்றல்களும் இருக்கிறார்கள்.

கிரியோல் உடைந்த பிரெஞ்சா?

'கிரியோல் என்பது சரியாகப் பேசத் தெரியாதவர்களின் பிரெஞ்சு' என்ற எண்ணம் நெடுங்காலம் ஊன்றியிருந்தது. பெற்றோரே அப்படி நம்பினர். மொழியியலார் இதை ஏற்பதில்லை. கிரியோலின் சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் அதற்கெனத் தனி ஒலிமுறையும் தனி இலக்கணமும் உண்டு.

தொடக்கத்தில் பார்த்த 'எஸ்பேர்' இதற்கு நல்ல சான்று. அந்தச் சிறுமி பிரெஞ்சுச் சொல்லைக் கெடுத்துவிடவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மேற்குப் பகுதிகளில் 'எஸ்பெரே' என்றால் 'காத்திரு' என்ற பொருளும் வழக்கில் இருந்தது. அங்கிருந்து குடியேறியவர்கள் அந்தப் பொருளைத் தங்களோடு கொண்டு சென்றனர். பாரிஸ் பிரெஞ்சு மாறியது. தீவில் பழைய பொருள் தங்கிவிட்டது.

காலணிக் கயிற்றைக் கட்டுவதற்கு அவள் சொல்லும் 'அமார்' என்பதும் அப்படியே. பொதுப் பிரெஞ்சில் 'அமாரே' என்றால் கப்பலைத் துறையில் கட்டுவது. கப்பலில் வந்தவர்களின் சொல், தீவில் எதைக் கட்டினாலும் பொருந்தும் சொல்லாகிவிட்டது.

தவறுகள் எங்கிருந்து வருகின்றன?

கிரியோல் பேசும் பிள்ளை பிரெஞ்சுத் தேர்வில் இடறும் இடங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒலி. பிரெஞ்சில் நாய் 'ஷியேன்'. கிரியோலில் 'ஸியேன்'. இதழைக் குவித்துச் சொல்லும் ஒரு பிரெஞ்சு உயிரொலி ஆழ்ந்த கிரியோலில் 'இ' ஆகிவிடும். அதனால் தெருவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் அரிசியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுபோலவே ஒலிக்கக்கூடும். பேச்சில் ல, ள, ழ வேறுபாடு இல்லாத பிள்ளைக்குச் 'சொல்வதெழுதுதல்' வைத்தால் 'பள்ளி' எங்கே, 'பல்லி' எங்கே என்று குழம்புவதைப் போன்றது இது. காது கேட்காமலில்லை, அறிவும் குறைவில்லை. அந்த வேறுபாடு வீட்டுப் பேச்சில் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒரே உருவம் கொண்ட வேறு பொருள். 'எஸ்பேர்' போலவே 'ரோத்' என்றால் கிரியோலில் 'தேடு'. பிரெஞ்சில் 'ரோதே' என்றால் தீய நோக்கோடு சுற்றித் திரிவது. 'மார்மாய்' கிரியோலில் ஒரு குழந்தை. பிரெஞ்சில் குழந்தைக் கூட்டம். முற்றிலும் தெரியாத சொல் என்றால் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லைக் கேட்கத் தோன்றாது. ஆசிரியருக்கும் பிள்ளை புரிந்துகொண்டதாகவே தோன்றும்.

மூன்றாவது, இலக்கணம். பிரெஞ்சில் நான், நீ, நாம், அவர்கள் என்பதற்கேற்ப வினைச்சொல்லின் வடிவம் மாறும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு, மேசைக்கும் நாற்காலிக்கும்கூட. கிரியோலில் வினை பெரும்பாலும் மாறாது. காலத்தைக் காட்டத் தனிச்சொல் முன்னே வரும். பொருள்களுக்கு ஆண், பெண் பாகுபாடும் பெரும்பாலும் இல்லை. ஆகவே பால் தவறுகளும் வினைமுடிவுத் தவறுகளும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒழுங்கே, அவை வீட்டு மொழியிலிருந்து வந்தவை என்பதற்கு அடையாளம்.

நான்காவது, கேள்வியில் வரும் உலகம். ரீயூனியன் தென்கோளத்தில் இருக்கிறது. அங்கே ஜூலை குளிர்காலம். டிசம்பர், ஜனவரி வெயில் காலம். 'கிறிஸ்துமஸ் நேரத்தில் வெளியே எப்படி இருக்கும்?' என்று படம் காட்டிக் கேட்டால், பனியைத் தொட்டே பார்த்திராத பிள்ளை மழையையும் லிச்சிப் பழத்தையும் சொல்லும். சுரங்க ரயில், பனிச்சறுக்கு வண்டி எனப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்கும் சொற்திறன் தேர்வும் இப்படித்தான். அங்கே அளக்கப்படுவது மொழியா, பிள்ளை வாழும் இடமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பிரான்சில் 2018 முதல் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஆரம்பப்பள்ளியின் முதல் இரு வகுப்புகளுக்குத் தேசிய மதிப்பீடு நடக்கிறது. பின்னர் அது மற்ற வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரிகிறதா, ஒலிகளைப் பிரித்தறிய முடிகிறதா, வாசித்துக் காட்டும் சொல்லும் வாக்கியமும் புரிகிறதா என்று பார்ப்பார்கள். ரீயூனியன் உள்ளிட்ட கடல்கடந்த மாவட்டங்களின் அடைவுநிலை தேசியச் சராசரிக்குக் கீழேயே இருந்து வருகிறது.

பெரியவர்களிடமும் இதே நிலைதான். 2011-இல் நடந்த ஆய்வில், 16 முதல் 65 வயது வரையிலானோரில், பள்ளி சென்றும் அன்றாட வாசிப்பில் இடர்ப்படுவோர் பிரான்சின் பெருநிலப்பகுதியில் ஏறக்குறைய 7 விழுக்காடு. ரீயூனியனில் அது ஏறக்குறைய 23 விழுக்காடு.

'கிரியோல்தான் காரணம்' என்று இந்த எண்களை வைத்து முடிவு கட்டிவிடலாமா? கூடாது. தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் பிரான்சின் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்கிறார்கள். பிரெஞ்சுப் பெருநிலத்தோடு ஒப்பிட்டால் அது இரண்டு மடங்குக்கும் அதிகம். தோட்டப் பொருளாதாரம் நிலவிய காலத்தில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடமே எட்டவில்லை. வீட்டில் புத்தகம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு எந்த மொழியிலும் வாசிப்பு தாமதமாகத்தான் வரும். ஏழ்மை, பெற்றோரின் படிப்பு, வீட்டு மொழி ஆகிய மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கும்போது, ஒரே ஒரு பிரெஞ்சுத் தேர்வால் அவற்றைப் பிரித்துக் காட்ட இயலாது.

வெளியாளும் இல்லை, உள்ளாளும் இல்லை

இதில் சிக்கலான ஒரு முடிச்சு உண்டு. பிரான்சுக்குப் புதிதாக வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியாது என்று பள்ளி ஏற்றுக்கொள்கிறது. அவர்களுக்கெனத் தனி வகுப்புகள் உள்ளன. பிரெஞ்சை அயல்மொழியாகக் கற்போருக்கெனத் தரப்படுத்திய தேர்வுகளும் உண்டு. ரீயூனியன் பிள்ளையோ பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சு அவன் மொழி என்று காகிதம் சொல்கிறது. பாரிசில் வளரும் பிள்ளைக்கு என்ன எதிர்பார்ப்போ அதுவே இவனுக்கும்.

உண்மையில் இவன் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். தொலைக்காட்சியிலும் கடையிலும் பிரெஞ்சைக் கேட்டே வளர்கிறான்; நிறையப் புரியும். பேசச் சொன்னால்தான் தயக்கம். 1959-இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன், ஒரே சமூகத்தில் உயர்ந்ததாகக் கருதப்படும் வழக்கும் வீட்டு வழக்கும் வேறு வேறு வேலைகளுக்குப் பயன்படும் நிலையை 'இரட்டை வழக்கு' என விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு சான்றுகளில் ஒன்று, ஹெய்ட்டி நாட்டின் பிரெஞ்சும் கிரியோலும். எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் கையாளும் நமக்கு இது புதிதல்ல. ரீயூனியனில் இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடும் இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வரும். தான் எப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

சட்டம் நகர்ந்த தூரம்

பிரான்சில் வட்டார மொழிகளுக்கு நெடிய மனக்காயம் உண்டு. பிரெத்தாஞ் பகுதிப் பள்ளிகளில் பிரெத்தோன் மொழி பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய மரச்செருப்பையோ தொங்கவிட்ட காலம் இருந்தது. 1951-இல் வந்த சட்டம்தான் பிரெத்தோன், பாஸ்க், கத்தலான், ஒக்சித்தான் ஆகிய நான்கையும் முதன்முதலாகப் பள்ளிக்குள் விட்டது. கோர்சிக மொழி 1974-இல் சேர்ந்தது. கிரியோல் வட்டார மொழி என ஏற்கப்பட்டது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். 2001-இல் கிரியோல் ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு உருவாக்கப்பட்டது.

ஆனாலும் 1992-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட வரி உறுதியாக நிற்கிறது: குடியரசின் மொழி பிரெஞ்சு. 2008-இல் வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் செல்வம் என அரசமைப்பு ஏற்றது. 2021-இல் வட்டார மொழிகளுக்கான புதிய சட்டம் வந்தபோதோ, பாடங்களை முழுக்க வட்டார மொழியில் நடத்தும் பகுதியை அரசமைப்பு மன்றம் நீக்கிவிட்டது.

அண்டைத் தீவுகள் வேறு வழியில் சென்றன. செஷல்ஸ் 1980-களின் தொடக்கத்திலேயே ஆரம்ப வகுப்புகளின் பயிற்று மொழியாகக் கிரியோலைக் கொண்டுவந்தது. மொரிஷியஸ் 2012-இல் அதை ஆரம்பப்பள்ளியில் விருப்பப் பாடமாக்கியது.

கனடாவிலும் அதே சொல்

பிரெஞ்சையே தாய்மொழியாகக் கொண்டோரும் இதிலிருந்து தப்பவில்லை. கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்தில் வாழும் அகாடியர்கள் பிரெஞ்சுக்காரர் வழிவந்த சிறுபான்மையினர். 1982-ஆம் ஆண்டு உரிமைச் சாசனம் அவர்களுக்குப் பிரெஞ்சுப் பள்ளிகளை உறுதிசெய்கிறது. அவர்கள் பேசும் பிரெஞ்சில் 17-ஆம் நூற்றாண்டு வினைவடிவங்கள் தங்கியுள்ளன. மொங்க்டன் நகரையொட்டி ஆங்கிலம் கலந்த 'ஷியாக்' வழக்கும் உண்டு. வாசிப்புத் தேர்வுகளில் கியூபெக்கிற்கு வெளியே உள்ள பிரெஞ்சுப் பள்ளி மாணவர்களின் சராசரி, கியூபெக் மாணவர்களைவிடக் குறைவாக வருவது வழக்கம்.

அகாடியரின் பேச்சிலும் 'எஸ்பெரே' என்றால் 'காத்திரு' என்றே பொருள். காலணிக் கயிற்றை அவர்களும் 'அமாரே' என்றே கட்டுகிறார்கள். மேற்குப் பிரான்சிலிருந்து இரு திசைகளில் கப்பலேறிய ஒரே சொல், இரண்டு கடல்களுக்கு அப்பாலும் இன்று தேர்வுத் தாளில் தவறாகிறது.

நியாயமான மதிப்பீடு எப்படி இருக்கும்?

ரீயூனியன் கிரியோலின் சொற்களை விரிவாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் ரொபேர் ஷோதான்சோன். 1990-களில் அவர் முன்னின்று உருவாக்கிய 'அபிஜான் தேர்வு', பிரெஞ்சு பயிற்று மொழியாக உள்ள நாடுகளுக்கானது. அதன் அடிப்படைக் கேள்வி எளிமையானது: பிரெஞ்சு வழியே பாடம் கற்க ஒருவருக்குக் குறைந்த அளவு எவ்வளவு பிரெஞ்சு வேண்டும்? பாரிஸ் பிள்ளையோடு ஒப்பிடுவதை விடுத்து, அந்தக் குறைந்தபட்ச வரம்பை எட்டினாரா என்று பார்ப்பது. எட்டாத மாணவருக்கு முதலில் தேவை மொழி கற்பித்தல் என்பது அப்போது தெளிவாகும்.

பன்மொழிப் பிள்ளைகளை ஆராய்வோர் முன்வைக்கும் பிற வழிமுறைகளும் இதே திசையில் செல்கின்றன.

இரண்டு மொழியிலும் பார்ப்பது. ஒரு பிள்ளைக்குப் பிரெஞ்சில் 30 சொல்லும் கிரியோலில் 200 சொல்லும் தெரிந்தால், அவள் சொல்வளம் குன்றியவள் அல்லள். இரண்டிலுமே குறைவு என்றால்தான் கவலைக்கு இடமுண்டு.

புரிதலையும் பேச்சையும் தனித்தனியே அளப்பது. கட்டளையைக் கேட்டுச் சரியாகச் செய்யும் பிள்ளைக்குப் பேச வாய்ப்புதான் தேவை.

பொருளற்ற சொற்களைத் திருப்பிச் சொல்லச் செய்வது. 2009 முதல் 2013 வரை ஐரோப்பிய ஆய்வாளர்களின் கூட்டு முயற்சி ஒன்று, பல மொழிகளுக்கும் பொதுவான ஒலிகளைக் கொண்டு இத்தகைய சோதனைகளை வடிவமைத்தது. எந்த மொழியிலும் இல்லாத சொல் என்பதால், வீட்டு மொழியால் ஏற்படும் சாதகபாதகம் குறைகிறது. உண்மையான மொழி வளர்ச்சிக் குறைபாட்டைக் கண்டறிய இது துணைபுரிகிறது.

படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் செய்வது. அதே கூட்டு முயற்சியில் வந்த கருவி ஒன்றில் ஆறு படங்கள் இருக்கும். பிள்ளை இரு மொழிகளிலும் கதை சொல்லும். யார், என்ன நினைத்தார், ஏன் செய்தார், என்ன ஆனது என்று கதையைக் கோக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அந்தத் திறன் ஒரு மொழியில் இருந்தால், இன்னொன்றுக்கும் அது அடித்தளம்.

தவறுகளை வகைப்படுத்துவது. கிரியோலிலிருந்து வந்த தவறு ஒரு பக்கம், பிரெஞ்சு கற்கும் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு இன்னொரு பக்கம், இரண்டிலும் சேராதது மூன்றாவது பக்கம். மூன்றாவதுதான் நிபுணர் பார்க்க வேண்டியது.

இவற்றுக்கெல்லாம் கிரியோல் தெரிந்த ஆசிரியரும் நேரமும் வேண்டும். வகுப்பு முழுவதற்கும் ஒரே தாளைக் கொடுத்துத் திருத்துவதைவிட இதற்குச் செலவு அதிகம். நடைமுறையில் தடை அங்கேதான்.

பெற்றோரின் அச்சம்

பிரெஞ்சு தெரியாவிட்டால் பிள்ளைக்கு வேலை கிடைக்காது என்று பெற்றோர் அஞ்சுவதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கிரியோலைப் பள்ளிக்குள் விடுவதை எதிர்த்தவர்களில் கிரியோல் பேசும் பெற்றோரே பலர். தாங்கள் பட்ட அவமானம் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைப்பவர்கள் அவர்கள்.

நியாயமான மதிப்பீட்டைக் கேட்பவர்கள் பிரெஞ்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வைச் சுலபமாக்கவும் கேட்கவில்லை. பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று சரியாகக் கண்டுபிடித்தால்தான் அதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்கிறார்கள். 'எஸ்பேர்' என்று சொன்ன சிறுமியிடம், "வீட்டில் அப்படிச் சொல்வோம், பிரெஞ்சில் இப்படிச் சொல்வோம்" என்று ஆசிரியர் சொல்ல அரை நிமிடம் போதும். 'மொழி வளர்ச்சி குறைவு' என்று கோப்பில் எழுதிவிட்டால், அந்த ஒரு வரி அவளோடு பல ஆண்டுகள் பயணம் செய்யும்.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியுமாகப் பிள்ளை வளர்க்கும் எந்தப் பெற்றோரும் மதிப்பெண் தாளைக் கையில் வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். என் பிள்ளை எதைப் புரிந்துகொள்ளவில்லை, எதைச் சொல்ல முடியவில்லை? இதே வேலையை வீட்டு மொழியில் செய்யச் சொன்னால் செய்கிறானா? அவன் செய்த தவறுகளில் ஓர் ஒழுங்கு தெரிகிறதா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு அந்த மதிப்பெண்ணைப் பார்த்தால், அது என்ன சொல்கிறது என்பது விளங்கும்.